மூளைத்தண்டில் சாய்ந்த குழாய்

என் இடது கண் தானாகத் துடிக்கத் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். “பொம்பளைக்கு எடது கண்ணு துடிச்சா நல்லதுதான் அண்ணி. பொண்ணுக்கு வரன் முடியப் போவுது பாரு.” நானும் நம்பினேன். இரண்டு நாள் துடிக்கும், நல்ல சேதி வரும், நின்றுவிடும் என்று. மகளுக்கு வரன் அமைந்து, கல்யாணம் முடிந்து, அவள் ஓசூருக்குக் குடிபோன பிறகும் துடித்தது. அப்புறம் கன்னத்தில் இறங்கி, வாயோரத்தைப் பிடித்து மேலே இழுத்தது. நாத்தனார் கட்சி மாறினாள். “கண்ணு பட்டுருக்குது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வந்துடலாம்.” போனோம். கூட்டத்தில் நசுங்கித் திரும்பினோம். துடிப்பும் கூடவே பஸ் ஏறி வந்தது.

தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்து, மனு அடித்துத் தருகிறேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் தெரியாது; நிமிர்ந்தால் தொலைந்தேன். பட்டா மாற்ற வந்த வல்லம் கிராமத்துப் பெரியவர் ஒருவர், ஆதார் அட்டையை நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “இன்னாம்மா, இந்த வயசுல என்னப் பாத்துக் கண்ணடிக்கற?” கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததில் கண் இறுக மூடிக்கொண்டது. அப்படி மூடினால் முகத்தில் பாதி வேறு யாருக்கோ சொந்தம். அது திறக்கும்வரை மீதிப் பாதிக்குள் ஒடுங்கிக் காத்திருப்பேன்.

அதோடு பிரஷர். நூற்றெண்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. ஒரு மாத்திரை இரண்டானது, மூன்றானது. ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று, குழம்பில் உப்பு போயிற்று. “திருட்டுத்தனமா எதுனா துன்றியா?” என்று கணவர் ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றினார். கூடவே, டென்ஷன் ஆகாதே என்று நாளைக்குப் பத்து முறை சொல்வார்; அதைக் கேட்டே நரம்பெல்லாம் முறுக்கேறும். கோடையில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மலைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊருக்குள் கக்கும். ஜன்னலைத் திறந்தாலும் அனல், மூடினாலும் அனல். என் உடம்பும் அப்படித்தான் இருந்தது. உள்ளே நான் நடந்துகொண்டே இருந்தேன், வாசல் தட்டுப்படவில்லை.

கடைசியில் பாண்டிச்சேரிக்குப் போனோம். ஸ்கேன் குழாய்க்குள் அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். என்னை அசையாமல் கிடக்கச் சொல்வதைவிடப் பெரிய தண்டனை இல்லை. மறுநாள் நரம்பு டாக்டர் படத்தைக் காட்டினார்.

“இந்த ரத்தக்குழாய் வளைஞ்சு, முகத்துக்குப் போற நரம்ப அழுத்துது. அதான் துடிப்பு. அதே வளைவு மூளைத்தண்டுலயும் சாஞ்சிருக்கு, இடது பக்கம். பிரஷரக் கட்டுப்படுத்தற இடம் அங்கதான் இருக்கு.”

“அப்ப பிரஷரும் அதாலதானா டாக்டர்?”

“இருக்கலாம். ஒத்துக்காத டாக்டர்களும் இருக்காங்க. குழாய் அழுத்தினா பிரஷர் ஏறலாம். பிரஷர் இருந்தாலும் குழாய் நீண்டு வளையும். உங்களுக்கு எது முதல்ல வந்துச்சுன்னு சொல்ல முடியாது.”

எனக்குப் புரிந்தது இதுதான்: இதயம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் துள்ளி அந்த இடத்தைத் தட்டுகிறது. தட்டுப்பட்ட இடம் ரத்தத்தை இன்னும் அழுத்து என்கிறது. அழுத்திய ரத்தம் குழாயை இன்னும் வளைக்கிறது. என் ரத்தமே சுற்றிச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது, ஊறுகாய் அல்ல.

காதுக்குப் பின்னால் எலும்பில் சின்னதாகத் திறந்து, குழாயை நகர்த்தி, நடுவே பஞ்சு போன்ற துண்டு வைக்கலாம் என்றார் டாக்டர். துடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். அந்தக் காது கேட்காமல் போகலாம். அரிதாக, அதைவிடப் பெரியதும் நேரலாம். பிரஷர் இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம். “பிரஷருக்காக மட்டும்னா நான் ஆபரேஷன் பண்ண மாட்டேன். துடிப்புக்காகத்தான். யோசிச்சு போன் பண்ணுங்க.”

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் வரை கணவர் ஸ்கேன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், “வேணாம். துடிச்சா துடிச்சிட்டுப் போவுது. தலையத் தொறக்கறதாவது” என்றார்.

“துடிக்கறது உங்களுக்கா எனக்கா?”

“காது போயிட்டா?”

“நீங்க பேசறதுல பாதிதான் கேக்கும். நல்லதுதான?”

அவர் சிரிக்கவில்லை. “எல்லாம் பண்ணியும் பிரஷர் எறங்கலன்னா இன்னா பண்ணுவ?”

“மாத்திர துன்னுவேன். இப்பவும் அதத்தான துன்றேன்? மூஞ்சியாவது என்னுதா இருக்கட்டும்.”

அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “முடிய வழிப்பாங்களா?”

“காதுக்குப் பின்னாடி கொஞ்சம்.”

“கொண்ட போட்டா மறைஞ்சுடுமா?”

“மறைஞ்சுடும்.”

சட்டைப்பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் போனில் அழுத்தினார். மணி போகும் சத்தம் கேட்டதும், “தேதிய நீயே கேளு” என்று போனை என் கையில் வைத்தார்.