கொக்கிக்குக் கீழே இருந்த மேசை

முதல் நாள்

போடிக்கு வெளியே, மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்த ஓர் ஏலக்காய் கிரேடிங் ஷெட்டில், நவம்பர் மாதக் கடைசியில், தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தேன். சமூகப்பணியில் முதுகலை முடித்திருந்தேன். அலுவலகச் சாவிக்கொத்தைக் கொடுத்து, "போய் ஒரு சுத்து பாத்துட்டு வாங்க" என்று முதலாளி அனுப்பினார்.

அங்கே சல்லடை மெஷின் காயை அளவுவாரியாகப் பிரித்துத் தள்ளும். வெடித்ததையும் வெளுத்ததையும் பெண்கள் மேசையில் கொட்டிக் கையால் பொறுக்குவார்கள். பச்சை நிறத்தின் வித்தியாசம் தெரிய நல்ல வெளிச்சம் தேவை. ஆகவே ஜன்னலோர மேசைக்குத்தான் போட்டி இருக்க வேண்டும். ஆனால் அந்த நீண்ட மேசையில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அனைவரும் எதிர்மூலையின் இருட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பொறுக்கினார்கள். தனித்திருந்தவளின் தலைக்கு மேலே, உத்தரத்தில், வெறும் இரும்புக் கொக்கி ஒன்று தொங்கியது.

சாப்பாட்டு நேரத்துக்கு மெஷினை நிறுத்தியபோது அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கலர் காகிதத்தை யாரோ மெல்லப் பிரிப்பது போன்ற சரசரப்பு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை, காற்றும் இல்லை. நான் தலையை நிமிர்த்தியதும், பொறுக்கும் பெண்களில் மூத்தவரான வீரம்மாள் என் கையைப் பிடித்தார்.

"மேல பாக்காதீக மேடம். பாத்தா நின்னுரும். குனிஞ்சா மறுபடி கேக்கும்."

அண்ணாந்து பார்த்தேன், நின்றது. குனிந்தேன், கேட்டது.

தடை வந்த கதை

தனியாக இருந்தவள் ஜெயராணி. அவளுடைய தாய் அந்தோணியம்மாள் அதே மேசையில் பல வருடம் காய் பொறுக்கியவர். டிசம்பர் பிறந்தால் அந்தக் கொக்கியில் காகித நட்சத்திரம் கட்டி உள்ளே பல்பு மாட்டுவது அவருடைய வழக்கம். ஷெட்டில் பெரும்பாலோர் இந்துக்கள், ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. ஆயுத பூஜைக்கு மெஷினில் சந்தனம் தெளிப்பவர் வீரம்மாள், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுபவர் அந்தோணியம்மாள் என்பது பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு.

ஷெட்டில் வேலை குறைந்த நாட்களில் அந்தோணியம்மாள் மலைத் தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்க் காய் எடுப்பார். நான் சேர்வதற்கு முந்தைய மழைக்காலத்தில், மூடுபனியில், அந்த ஜீப் வளைவில் கவிழ்ந்து அவர் இறந்துபோனார். தாயின் இடத்தை முதலாளி மகளுக்குக் கொடுத்தார். கூடவே எவ்வகைச் சமய அலங்காரமும் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்.

காரணம் கேட்டேன். "விரோதம் ஒண்ணும் இல்லம்மா. ஸ்டாரப் பாத்தா அந்தப் பொம்பளை ஞாபகம் வந்து இதுக அழும். கண்ணுல படாம இருந்தா மறந்துரும்ல?" என்றார்.

ஆனால் யாரும் மறக்கவில்லை. நட்சத்திரம் இல்லாத இடத்திலிருந்து சத்தம் வரத் தொடங்கியதும், ஒவ்வொருவராக மேசையை விட்டு எழுந்தார்கள். மகளோடு தாயும் வேலைக்கு வருகிறாள் என்று பேச்சு பரவியது. அவள் தொட்ட தண்ணீர்க் குடத்தை யாரும் தொடவில்லை.

பழைய நட்சத்திரம் பரணில் கிடந்து உரசுவதாக நான் கருதி, எலெக்ட்ரீசியனை ஏற்றிப் பார்த்தேன். தூசியைத் தவிர எதுவும் இல்லை.

ஜெயராணியின் முடிவு

டிசம்பர் தொடங்கிய வாரத்தில், மலையிலிருந்து பனி இறங்கி ஜன்னலை மறைத்த ஒரு பிற்பகலில், ஜெயராணி என் அறைக்கு வந்தாள்.

"கணக்க முடிச்சு விட்டுருங்க மேடம். தோட்டத்துக்குப் போறேன். ஜீப்புக்காரண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"அதே ரோட்டிலா?"

"அங்கன பக்கத்துல உக்கார ஆளு இருக்கு மேடம்." பிறகு சொன்னாள்: "எங்கம்மா வந்து உக்காந்தா எனக்கென்ன பயம்? இவுக எல்லாரும் எங்கம்மாவக் கண்டு பயப்படுறாக. அதுதான் தாங்க முடியல."

நட்சத்திரம் திரும்ப வந்தால் மற்றவர்களும் அந்த மேசைக்குத் திரும்பலாம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பக்கமும் எடை போட்டேன். நட்சத்திரம் கட்டினால் பயந்து சிலர் வேலையை விட்டு நின்றுவிடலாம். பண்டிகைக்கால ஆர்டர் தடைபடும். கட்டாவிட்டால் இவள் நாளை விடியலில் அந்த ஜீப்பில் ஏறுவாள். முதலாளியிடம் போய் இதை அப்படியே சொன்னேன். "அவுகளயே கேளுங்க" என்றார் அவர்.

நட்சத்திரத்தை மறுபடி கட்டலாமா என்று டீ நேரத்தில் எல்லோரையும் கேட்டேன். ஜெயராணியே முதலில் மறுத்தாள். "எழவு விழுந்த வருசம் மேடம். வீட்டுலயே ஸ்டார் கட்டல. நான் கட்டக் கூடாது."

வீரம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "அடியே, துக்க வீட்டுக்காரி எப்படிக் கட்டுவா? எங்கள்லயும் அப்படித்தான். வெளிய இருந்து ஒருத்தி வந்துதான் துக்கம் கழிச்சு விடணும். இத்தன பேரு இருக்கோம், ஒருத்திக்கும் தோணலயே! நான் கட்டுறேன்."

"ஏத்தா, நீ ஸ்டார் கட்டுனா வீரபாண்டிக் கோயில் கௌமாரியம்மா உன்னக் கேள்வி கேக்க வருவா," என்றாள் கோகிலா என்ற இளம்பெண்.

"வரட்டும். ஒரு தட்டு காயக் குடுத்து, உக்காந்து பொறுக்கு ஆத்தான்னு சொல்றேன்."

பல நாட்களுக்குப் பிறகு அந்த ஷெட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவரை மேலே கேட்டுக்கொண்டிருந்த சரசரப்பு சட்டென்று நின்றது. சிரிப்பும் நின்றது.

புது நட்சத்திரம் வாங்கப் பணம் எடுக்க, என் அறையின் பீரோவைத் திறந்தேன். அதுவரை நான் திறந்திராத அடித்தட்டில், துணியில் சுற்றி, அந்தோணியம்மாளின் பழைய நட்சத்திரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. முதலாளி பத்திரப்படுத்தியிருக்கிறார். இத்தனை நாளும் பூட்டுக்குள், கனமான இரும்புக் கதவுக்குப் பின்னால் அசையாமல் கிடந்திருக்கிறது.

வீரம்மாள் ஸ்டூலில் ஏறினார். ஜெயராணி கீழிருந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பல்பு எரிந்ததும் பொறுக்கிய காய்களின் மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. "கலர் தெரியாது, பகல்ல அணைச்சு வைங்கடி," என்று அதட்டியபடியே வீரம்மாள் ஜெயராணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கோகிலா வந்தாள். மறுநாள் மேசை நிறைந்திருந்தது. தான் வரவில்லை என்று ஜெயராணி முந்தின மாலையே ஜீப்புக்காரருக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.

பணியிடத்தில் கிறிஸ்துமஸ் அலங்காரம் பொருத்தமா என்று இளம் அலுவலர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். எந்தச் சமயத்தின் பண்டிகை என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை அகற்றினால் அதன் கீழே யார் தனியாக உட்கார நேரும் என்றும் பாருங்கள் என்பேன். பொதுவான இடம் வேறு, வெறுமையான இடம் வேறு. வெறுமையான இடத்தில் எது வந்து குடியேறும் என்பது நம் கையில் இல்லை.

மெஷின் நிற்கும் நேரத்தில் சரசரப்பு இன்னும் கேட்கிறது. "ஸ்டார் காகிதம் ஆடுது," என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். நட்சத்திரத்துக்குச் சற்று இடப்பக்கத்திலிருந்துதான் அது வருகிறது. எங்களில் எவரும் அதைச் சொன்னதில்லை.