சாலமோன் சார் கார் துடைக்கிறார்

சேலையூரில் எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் பலர். கார் துடைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் எதிர் வீட்டு சாலமோன் சார். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் பழைய பனியனை எடுத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புகிறார்கள். அதைத் துடைப்பது என்று சார் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள். என் கணவர் கிரீஷ் ஒருநாள் பால் வாங்கப் போன வழியில் அப்படிச் சொல்லித் தொலைத்துவிட்டார். பாடம் முடிந்து அவர் வீடு திரும்பியபோது எனக்குக் காபி ஆசையே போய்விட்டது.

பாடம் நடத்துவது சாருக்குத் தொழில். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சொந்தக் கார் வேண்டும் என்று வெகுநாளாக ஆசைப்பட்டு, போன வருஷம்தான் வாங்கினார். அதிலும் கருப்பு. எங்கள் பக்கத்தில் எதற்காகவாவது ஒரு தெருவைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் புழுதிக்கு நடுவில் கருப்புக் கார் வாங்க தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், அன்று வேலை கூடாது என்பது அவர்கள் வீட்டுக் கட்டுப்பாடு. துவைப்பதில்லை, இஸ்திரி போடுவதில்லை. ஆகவே காரின் குளியல் சனிக்கிழமை சாயங்காலம், வெயில் இறங்கின பிறகு. வெயிலில் கழுவினால் துண்டு படுவதற்குள் தண்ணீர் தானாகக் காய்ந்து, எங்கள் போர் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைத்துவிடுமாம். நம்பாமல் இருக்க முடியாது, என் வீட்டு பாத்ரூம் குழாயே அதற்குச் சாட்சி. அதனால் கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீர்தான். ரசத்துக்குக் கேன் தண்ணீர் எடுத்தால் "பார்த்து எடும்மா, வீணாகப் போகுது" என்று மனைவியிடம் சொல்லும் அதே சாலமோன் சார்தான் இவர்.

பிறகு துடைப்பு. அதற்கென்று தடித்த மைக்ரோஃபைபர் துண்டுகள், அவற்றுக்குத் தனி பக்கெட், தனிக் கொடி. துண்டை விரித்துக் கார் கூரைமேல் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுப்பார். அழுத்தித் தேய்ப்பது கிடையாது, வட்டம் போடுவது கிடையாது. மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்கு வேறு துணி. துண்டு தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதற்கு வேலை போச்சு. ஒரே ஒரு மணல் அதில் ஒட்டியிருந்தாலும் பெயின்டில் கோடு விழும் என்பார். எல்லாம் சரியான பேச்சுத்தான், அதுதான் எரிச்சல். கடைசியில் உறை போட்டு மூடிவிடுவார். மறுநாள் சர்ச்சுக்குப் போய்வருவதோடு சரி. வாரத்தின் மற்ற நாட்களில் அவர் மனைவி ரத்தினபாய் கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பார், கார் உறைக்குள் சுகமாக நிற்கும்.

"என் புடவை எல்லாம் ஒரே பக்கெட்டுல ஊறுது ரோஹிணி. கார் துண்டுக்குத் தனி பக்கெட். நான் காராப் பொறந்திருக்கலாம்" என்பார் ரத்தினா அக்கா. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அக்கா சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர். வெகுகாலமாகப் பின்வரிசை. இந்த வருஷம் ஈஸ்டருக்கு, விடியற்காலை ஆராதனையின் முதல் பாட்டை அவர் தனியாகப் பாட வேண்டும் என்று முடிவானது. கல்லறையைத் தேடிப் போன பெண்களைப் பற்றிய பாட்டு அது. விளக்கெல்லாம் அணைத்துவிடுவார்கள். இருட்டில் ஒரே ஒரு குரல். பாடி முடித்த பிறகுதான் விளக்கு எரியும்.

அக்கா பாடிப் பழகியது எங்கள் மொட்டை மாடியில். எதிரே வீடு இருக்க ஏன் இங்கே வருகிறார் என்று கேட்டேன்.

"அவரு இதை சர்ச்லதான் முதல்ல கேக்கணும், ரோஹிணி. இத்தனை வருஷமா கூட்டத்தோட பாடறேன். அதுல என் குரல் எதுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சார் காரைக் கழுவிய சிறப்பை நான் பால்கனியிலிருந்து முழுசாகப் பார்த்தேன். நாலு கதவையும் திறந்து விளிம்பெல்லாம் ஒற்றி எடுத்தார். பூட்டு துவாரத்தில்கூட எதையோ விட்டுத் துடைத்தார். கிரீஷ் கீழே நின்றுகொண்டிருந்தார், வாய் சும்மா இருக்குமா?

"சார், தெருவை ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்து நிறுத்துங்க. ரெண்டு தடவை பிரேக் போட்டா உள்ள இருக்கிற ஈரமும் காஞ்சிடும்."

"துடைச்சு முடிச்ச வண்டியை இந்தப் புழுதியில ஓட்டறதா? நல்லா இருக்குப்பா!" என்று சார் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து வைத்தார். எங்கள் தெருவில் ரோடு போடப்போட வீடுகளும் உயர்ந்து, வாசலெல்லாம் சரிவு. சார் வீட்டுக் கார் நிற்பது அந்தச் சரிவில்தான்.

மறுநாள் இன்னும் இருட்டு விலகவில்லை, எதிர் வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே காரின் உறுமல். உறுமல் பெரிதாகியதே தவிர, கார் நகரவில்லை. நாங்கள் இறங்கிப் போய்ப் பார்த்தோம். பின் சக்கரம் ஒன்று பிடித்துக்கொண்டு சுற்ற மாட்டேன் என்கிறது. உள்ளே தங்கிய ஈரத்தில் துரு பிடித்து, இழுத்து வைத்த பிரேக் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியே பார்த்தால் முகம் தெரிகிற பளபளப்பு.

அக்கா வெள்ளைப் புடவையில் கேட்டருகே நின்றிருந்தார். பாட்டுத்தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. நான் ஓடிப்போய் ஸ்கூட்டியை எடுத்து வந்தேன்.

"சார், நீங்க கிரீஷோட பைக்ல ஏறுங்க. கார் எங்கயும் போயிடாது" என்றேன்.

"இல்லம்மா, நீங்க முன்னாடி போங்க. வண்டியை எடுத்துட்டு அஞ்சே நிமிஷத்துல பின்னாடியே வந்துடுறேன்."

"வந்துடுவீங்கல்ல?" என்றார் அக்கா.

"வராம?"

சர்ச்சில் விளக்கை அணைக்கப் போகிற நேரத்துக்குத்தான் நாங்கள் உள்ளே நுழைந்தோம். அக்காவுக்கு ஏதாவது ஆனால் பாடுவதற்கு ஜெரூஷா என்ற பெண்ணைத் தயாராக வைத்திருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். அக்கா முன்னால் போய் நின்றார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கொஞ்சம் காத்திருந்தார், மறுபடி பார்த்தார். அதற்கு மேல் காத்திருக்க முடியாது, விளக்கை அணைத்துவிட்டார்கள்.

நான் சாமி கும்பிடப் போவது வேறு கோயில். அந்தப் பாட்டில் எனக்கு என்ன இருக்கிறது? மொட்டை மாடியில் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் அந்த இருட்டில் அக்கா குரல் தனியாக எழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் யாரோ ஒரு அம்மாவும் மூக்கை உறிஞ்சினார்கள். இந்த மனுஷர் இன்னும் வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டேதான் அழுதேன்.

அங்கே என்ன நடந்தது என்று கிரீஷ் பிறகு சொன்னார். நாங்கள் கிளம்பின சற்று நேரத்திலேயே, முன்னும் பின்னுமாக இரண்டு ஆட்டு ஆட்டியதில் சக்கரம் 'டக்' என்று விடுபட்டுவிட்டதாம். அப்போதே கிளம்பியிருந்தால் பாட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் ஆட்டின ஆட்டத்தில், பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் ஒளிந்திருந்த தண்ணீர் வெளியே வந்து கதவுமேல் இரண்டு கோடாக வழிந்துவிட்டது. சார் டார்ச் அடித்துப் பார்த்தார். அவ்வளவுதான், காரை நிறுத்திவிட்டுக் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், இருட்டுல யாரு பாக்கப் போறாங்க? ஏறுங்க சார்."

"இருட்டு எவ்வளவு நேரம்பா இருக்கும்? விடிஞ்சா எல்லாரும் பாப்பாங்க. பண்டிகைக்கு வண்டி இப்படியா போய் நிக்கும்? ஒரே நிமிஷம்."

இந்தக் கதவு பளிச்சென்று ஆனதும் அந்தக் கதவு மங்கலாகத் தெரிந்திருக்கிறது. அதையும் துடைத்தார். கிரீஷ் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாராம். எனக்கு அவர்மேலும் கோபம்தான். அந்த மனுஷரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டாமா?

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்து ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். வானம் நன்றாக வெளுத்துவிட்டது. சாலமோன் சார் காரை கேட்டுக்கு நேராக நிறுத்தி, பக்கத்தில் நின்றிருந்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கார் அப்படி ஒரு அழகு. ஒரு ஆள்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அக்காவைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெரியவர் அக்காவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

ஜெரூஷா சாரிடம் ஓடிவந்தாள். "அங்கிள், ஆன்ட்டி பாடினதைக் கேட்டீங்களா? எனக்கு இன்னும் கை சிலிர்த்துக்கிட்டே இருக்கு, பாருங்க!"

சார் அவள் கையைப் பார்த்தார். வகுப்பில் கேள்வி கேட்டால் விழிக்கிற பையனின் முழி அவர் முகத்தில். எனக்கு வந்திருந்த கோபம் அதைப் பார்த்ததும் பாதி இறங்கிவிட்டது, அந்த மட்டும் அவருக்கு நல்ல காலம்.

கூட்டம் கலைந்தது. அக்கா காரிடம் வந்தார். நான் என் ஸ்கூட்டியில் சாவியைத் தேடுகிற சாக்கில் நின்றேன்.

"ரத்தினம், ரொம்ப நல்லா பாடினியாமே" என்றார் சார்.

"ஆமாங்க. நல்லா வந்துச்சு."

சார் கதவைத் திறந்துவிட்டார். அக்கா ஏறும்போது, ரொம்பத் தயங்கி, என் காதுக்கு எட்டியும் எட்டாத அளவு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப ஒரு தடவை பாடேன். நான் மட்டும் கேக்கறேன்."

அக்கா அவரைப் பார்த்தார். கோபம் கொஞ்சமும் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் சாருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அது இருட்டுல பாடுற பாட்டுங்க. விடிஞ்சிடுச்சே" என்றார்.

சொல்லிவிட்டு அக்கா உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். சார் அந்தப் பக்கம் போய் ஏறினார். நான் ஸ்கூட்டியைத் திருப்பி ரோட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.