மாற்றி வைத்த குரல்

அருணாதேவி டீச்சருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர். அதைக் காப்பாற்றிக்கொள்ளப் போய்த்தான் 2006இல் அந்தக் காரியத்தைச் செய்தார்.

மாவட்டப் போட்டி. மாணவர்களே ஒரு வெப்சைட் செய்ய வேண்டும். போட்டோவும் பேச்சும் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஏரியை எடுத்துக்கொண்டார்கள். பேச்சு கவிநிலாவுடையது. பள்ளிக் கம்ப்யூட்டரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "முன்னெல்லாம் தண்ணி ஜாஸ்தி. இப்போ கம்மி. எங்க கழனி கடைசில இருக்குது, அங்க வந்து சேரவே சேராது" என்று பேசியிருந்தாள்.

நடுவர்கள் சிரித்துவிட்டால்? டீச்சருக்கு அதுதான் கவலை. அதே வகுப்பில் படிக்கும் மதிவதனியைக் கூப்பிட்டு, "நீர்வரத்து வெகுவாகக் குறைந்துள்ளது" என்று ரேடியோவில் படிப்பதுபோலப் படிக்க வைத்தார். பழையதை அழித்துவிட்டு, செங்கம் ரோடு பிரவுசிங் சென்டரில் ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து புதியதை ஏற்றினார். கவிநிலாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை.

பள்ளியில் போட்டுக் காட்டிய அன்று கவிநிலாவின் அம்மா ஆராயி நடவு வேலையை விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் மதிவதனியின் குரல் வந்தது. கவிநிலாவின் முகம் சுண்டிப்போனது.

"டீச்சர், எம்பொண்ணு எப்போ பேசும்?" என்றாள் ஆராயி.

டீச்சர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கவிநிலாதான் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நான்தாம்மா அது. மைக்ல பேசுனா வேற மாதிரி கேக்கும்."

"நீயா? எவ்ளோ அழகா பேசுற கண்ணு!" ஆராயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள்.

பரிசு கிடைத்தது. அருணாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவளையே ஏமாற்றும்படி அந்தப் பெண்ணைச் செய்துவிட்டோமே என்று மனசு அறுத்தது. திங்கட்கிழமை கவிநிலாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. திரும்பப் பேசு, உன் குரலையே ஏத்திடறேன்."



"வேணாம் டீச்சர். அம்மா வேலை செய்ற எடத்துல எல்லாரையும் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டினு போய் கேக்க வைக்குது. இப்போ மாத்துனா, அன்னிக்குப் பேசுனது நான் இல்லைனு தெரிஞ்சுடும்."