மூச்சு முட்டிய சிவப்புக் கார்

பரத்வாஜுக்கு உலகத்தில் பாதிப் பொருள்களைப் பிடிக்காது. மீதிப் பாதியை அவர் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பஸ் கம்பி, லிஃப்ட் பொத்தான், ஹோட்டல் டம்ளர், பிறத்தியார் வீட்டு நாற்காலி எல்லாமே அவருக்கு ஒரே வார்த்தையில் "உவ்வே". தணிக்கை அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்க, கதவுப் பிடியை முழங்கையால் அழுத்தியே பதவி உயர்வு வாங்கிய மனிதர்.

இப்படிப்பட்டவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு பழைய சிவப்பு டர்போ கார். இரண்டே கதவு, தாழ்ந்த முதுகு, மிதித்தால் பாயும். அடையாறு காந்தி நகரில் அவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் அடித்தளத்தில் நிற்கும். ஞாயிறு காலை திருவான்மியூர் வரை போய்த் திரும்பினால், அந்த வாரம் முழுக்க மனிதர்களைச் சகித்துக்கொள்வார்.

கொஞ்ச காலமாக அது ஏறவில்லை. அடித்தளத்துச் சரிவில் பாதி தூரம் வந்ததும் இருமும், கரும்புகை கக்கும், வந்த வழியே கீழே உருண்டு இறங்கும். வேலைக்குப் போகிறவர்கள் அதன் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்பார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சந்திரமௌலி கூட்டம் கூட்டி முடிவெடுத்தார்: ஞாயிறு மத்தியானத்துக்குள் கார் தானாக மேலே ஏற வேண்டும். இல்லாவிட்டால் இழுவை வண்டி, பிறகு காயலான் கடை. தீர்மானத்தில் முதல் கையெழுத்து பரத்வாஜின் மனைவி காமாக்ஷியுடையது.

அதற்குள் ஆளுக்கொரு வைத்தியம். மூன்றாம் மாடி ஷ்ரவண் பெட்ரோலில் கலக்க ஒரு மருந்து பாட்டில் கொடுத்தான். ஊற்றியதும் கார் வழக்கத்தைவிட மணமாகப் புகை விட்டது. கடைசியில் ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் மெஹபூப் பாஷா வந்தார். ப்ளக் மாற்றினார், இஞ்செக்டர் கழுவினார், டர்போவைத் தட்டிப் பார்த்தார்.

"டர்போ நல்லாத்தான் கீது சார். வண்டிக்குக் காத்து பத்தல. அந்த ஃபில்டர் டப்பாவத் தொறக்கணும்."

"அதை மட்டும் தொடாதீங்கோ! ஃபாரின் ஃபில்டர். நானே மாட்டி டேப் ஒட்டி வெச்சிருக்கேன். கிரீஸ் கை படப்படாது."

"டாக்டராண்ட வந்து வாயத் தொறக்க மாட்டேன்னா எப்டி சார்?"

"வேற வழி பாருங்கோ."

வேறு வழி பார்த்துப் பார்த்தே ஞாயிறு வந்துவிட்டது. வாசலில், சரிவின் உச்சியில், இழுவை வண்டி நின்றது. அதன் டிரைவர் டீ குடித்துக்கொண்டு கீழே நின்ற சிவப்புக் காரைக் கசாப்புக்காரர் ஆட்டுக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பரத்வாஜ் கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு, பானெட்டுக்குள் குனிந்து, டேப்பை உரித்து, தானே டப்பாவைத் திறந்தார்.

முதலில் நாற்றம் வந்தது. அப்புறம் காட்சி.

டப்பா நிறைய, காற்றுக் குழாய் வழியே புகுந்த எலி கட்டிய கூடு. தேங்காய் நார், கந்தல், ரோமம், மிளகு கொட்டினாற்போல் புழுக்கை. நடுவில் அப்பளம் மாதிரி காய்ந்த ஒரு எலி. சுற்றிலும் மஞ்சளித்துப்போன சோற்றுப் பருக்கை.

பாஷா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், சோறு போட்டு வளத்துருக்காங்க? சோத்துல எள்ளு வேற கீது!"

எள் என்றதும் பரத்வாஜுக்குப் புரிந்துவிட்டது. அமாவாசை தவறாமல் தர்ப்பணம் முடித்துக் காக்கைக்கு எள்ளுச் சாதம் வைப்பவர் அவர். மொட்டை மாடியெல்லாம் காக்கை எச்சம், அங்கே கால் வைக்க முடியுமா? அதனால் அடித்தளத்து ஜன்னல் விளிம்பில், காருக்கு நேர் மேலே, இலைத் துண்டில் வைப்பார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் காலியாகும். பித்ருக்களுக்குப் பரம திருப்தி என்று பூரித்துப்போவார்.

வேடிக்கை பார்க்க வந்த காமாக்ஷி கேட்டாள்: "இது உங்க அப்பாவுக்கு வெச்சதுன்னோ?"

"வாயை மூடு."

"நான் மூக்கை மூடிண்டிருக்கேன்."

"பாஷா, இதைக் கொஞ்சம் எடுத்துப் போட்டுடுங்கோ."

பாஷா இரண்டடி பின்வாங்கினார். "என் கை இஞ்சின் வேலைக்கு சார். எலி வேலைக்கு வேற ஆளப் பாருங்க. அதுவுமில்லாம, டப்பால என் கை படக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மேலே இழுவை வண்டியின் சங்கிலி கலகலத்தது. பரத்வாஜ் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். பாலிதீன் பை டப்பா விளிம்பின் கிளிப்பில் பட்டதுமே கிழிந்தது. வழவழப்பு, சொரசொரப்பு, ஏதோ ஒரு பிசுக்கு. குமட்டலை விழுங்கிக்கொண்டு கை கையாக அள்ளினார். எலியை வாலைப் பிடித்துத் தூக்கியபோது வால் மட்டும் தனியாக வந்தது. பூணூலைக் காதில் மாட்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

ஃபாரின் ஃபில்டரில் பாதியை எலி தின்றிருந்தது. பாஷா கொண்டுவந்திருந்த சாதா ஃபில்டரை வைத்து மூடினார்கள். பரத்வாஜ் ஸ்டீயரிங்கைப் பிடித்தார், கழுவாத கையோடு. மிதித்தார். டர்போ விசில் அடித்தது. இருமல் இல்லை, புகை இல்லை. கார் சரிவை ஒரே மூச்சில் தாண்டி, இழுவை வண்டிக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் சந்திரமௌலி ஓடி வந்தார். காயலான் கடைக்கு நாள் குறித்தவர் முகத்தில் இப்போது காதுவரை சிரிப்பு.

"சார், கங்ராஜுலேஷன்ஸ்! நான் அப்பவே சொன்னேன், உங்க வண்டி ஏறும்னு!" கையை நீட்டினார்.

பரத்வாஜ் தன் கையைப் பார்த்தார். ரோமம், கரி, நகக்கண்ணில் ஒரு எள். நிதானமாக இறங்கி வந்தார். சந்திரமௌலியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் வாஞ்சையோடு பற்றிக்கொண்டு, நெடுநேரம் குலுக்கினார்.