தேங்காய் தட்டுகிற காது

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சங்கரநாராயண அண்ணாச்சியின் தேங்காய்க் கமிஷன் கடையில் கடை, லாரி, தராசு எல்லாம் அண்ணாச்சிக்குச் சொந்தம். காது மட்டும் இசக்கிமணியுடையது. காயைக் கையில் எடுத்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். கிண்ணென்று கேட்டால் நல்ல காய், வலப்பக்கம் போகும். பொத்தென்று கேட்டால் அழுகல், இடப்பக்கம் போகும். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் வேலை. கல்யாணத்துக்கோ கோயில் கொடை விழாவுக்கோ காய் வாங்க வருகிறவர்கள், “இசக்கிமணி தட்டுன காயா?” என்று கேட்டுவிட்டுத்தான் பையை விரிப்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அவருக்குச் சர்க்கரை வந்து, தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வீடு குற்றாலத்துக்குப் பக்கம் மேலகரத்தில். சாரல் நேரத்தில் குடை பிடித்து நடப்பது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்து, ஒரு லாட்ஜில் கழித்துப் போட்ட ட்ரெட்மில்லை வாங்கி வந்து மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். முதல் நாளே அது கரகரத்தது. வேறு யாராக இருந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். தேங்காயே தெய்வம் என்று இருக்கிற மனுஷன், அரை லிட்டர் தேங்காய் எண்ணெயை எடுத்து நடக்கிற பட்டைக்கு அடியில் ஊற்றினார்.

நாலு நாள் மெஷின் சமர்த்தாக ஓடியது. பிறகு ஆனிச் சாரல் வந்தது. விடியக்காலைக் குளிரில் எண்ணெய் உறைந்து, கொட்டகைத் தூசியெல்லாம் அதில் அப்பிக்கொண்டது. மெஷின் கிறீச்சிட்டது. தகரம் அந்தச் சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. அதை அமுக்க இசக்கிமணி டிவியில் செய்தியை முழுச் சத்தத்தில் வைத்தார். உறைந்த எண்ணெய்மேல் இன்னும் கொஞ்சம் எண்ணெயும் ஊற்றினார்.

“ஏங்க, இந்தச் சத்தம் காதுக்கு ஆகாதுங்க,” என்றாள் மனைவி ஜோதிலட்சுமி.

“ஏட்டி, ஐந்தருவிக்குக் கீழ நின்னு குளிக்கவன் நான். எனக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?”

மறுநாளிலிருந்து அவர் மாடியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டாலும் அவளிடமிருந்து பதில் இல்லை. பாவம், இவளுக்குக் காது போய்விட்டது என்று இசக்கிமணி முடிவு கட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கடையில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. காலையில் மெஷினைவிட்டு இறங்கினால் மத்தியானம் வரை காதுக்குள் ஒரு வண்டு ரீங்கரித்தது. தட்டுகிற காயெல்லாம் பொத்தென்றே கேட்டது. இடப்பக்கக் குவியல் நாளுக்கு நாள் பெருத்தது. சந்தேகப்பட்ட அண்ணாச்சி அதிலிருந்து நாலு காயை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

“வே இசக்கிமணி, நீரு கழிச்சுப்போட்ட காயில பாலெடுத்து வச்ச சொதி அமிர்தமா இருந்துதுவே,” என்று மறுநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார். சுமை தூக்குகிறவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கழிசல் எல்லாம் அண்ணாச்சி வீட்டுச் சமையலுக்கே போனது.

இசக்கிமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அண்ணாச்சி மகள் அபிக்கு நிச்சயதார்த்தம். ஐம்பத்தோரு காய் அவர்தான் தட்டிக் கொடுக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு காய் அழுகலாக உடைந்தால், அபிக்கு அபசகுனம். அவருக்கு இருபத்தெட்டு வருஷத்துப் பேரும் அன்றோடு போச்சு. பயத்தில் காதுக்குள்ளும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார். வண்டு நனைந்ததே தவிர பறக்கவில்லை.

இதை வெளியே சொல்லவும் மனசு வரவில்லை. அதனால் மனைவியின் காதைக் காட்டுகிற சாக்கில் தென்காசியில் காது டாக்டர் சண்முகப்பிரியாவிடம் போனார். டாக்டர், ஜோதிலட்சுமிக்கு ஹெட்போன் மாட்டிச் சோதித்தார். காது பளிச்சென்று இருந்தது.

“அப்ப நான் கூப்பிட்டா ஏன் பேசமாட்டேங்குத?” என்றார் இசக்கிமணி.

“மெஷின் ஓடுதப்ப காதுல பஞ்சு வச்சுக்கிடுவேன். நீங்க கூப்பிடுதது கேக்காததும் ஒரு நிம்மதிதான்.”

“பஞ்சு பத்தாதும்மா, ஃபோம் அடைப்பான் வாங்கிக்கோங்க,” என்ற டாக்டர் இசக்கிமணி பக்கம் திரும்பினார். “சார், நீங்க உட்காருங்க.”

சோதனை முடிந்ததும் டாக்டர், “காதுல என்ன ஊத்தினீங்க?” என்று கேட்டார்.

“தேங்கா எண்ணெ.”

“மெஷினுக்கு?”

“அதுக்கும் தேங்கா எண்ணெதான்.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கறாராகச் சொன்னார்: “கை எட்டுற தூரத்துல நிக்கிறவங்ககிட்டயே கத்திப் பேச வேண்டியிருந்தா, அந்தச் சத்தம் காதுக்கு அதிகம்னு அர்த்தம். மெல்லிசான ஓசைதான் முதல்ல போகும். இப்ப நிறுத்தினா திரும்ப வர வாய்ப்பு இருக்கு. விட்டா வராது.”

இசக்கிமணி வீட்டுக்கு வந்ததும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். மறுநாளே குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார், கௌரவம் நனைந்தாலும் பரவாயில்லை என்று. மெக்கானிக் வந்து, உறைந்த எண்ணெயைச் சட்டியில் வழித்தெடுத்து, “சார், இதுல அப்பளம் பொரிக்கலாம்,” என்றான். அதற்குரிய சிலிக்கோன் எண்ணெயைப் போட்டான். மெஷின் கீழ் அறைக்கு இறங்கி, தடித்த ரப்பர் விரிப்பில் உட்கார்ந்தது. அது மறுபடி ஓடினபோது டிவி வாய் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி இருவர் காதிலும் ஃபோம் அடைப்பான் இருந்தது.

ஆடிக் கடைசியில் ஒரு காலை, தட்டின காய் கிண்ணென்றது. இசக்கிமணி நம்பாமல் அதையே ஏழு தரம் தட்டினார். கண் கலங்கிவிட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ஐம்பத்தோரு காயை எடுத்து வைத்தார். கழித்தது நாலே நாலு. அண்ணாச்சி அந்த நாலையும் தனியாகப் பையில் போட்டார். “சம்பந்திக்குச் சொதி வைக்கணும்வே. உம்ம கழிசல் ருசி வேற எதுல வரும்?”

“அண்ணாச்சி, வேண்டாம். இது நெசமாவே அழுகல்.”

அண்ணாச்சி கண்ணடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மண்டபத்தில் சாஸ்திரத்துக்கு உடைத்த அஞ்சு காயும் மல்லிகைப்பூ வெள்ளை. அபி சிரித்தாள். இசக்கிமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதே நேரத்தில், சொதிக்கு அந்த நாலு காயையும் உடைத்த பின்கட்டுச் சமையல் கூடத்திலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. அதைத் தொடர்ந்து அண்ணாச்சியின் குரலும் வந்தது. ஏழு தலைமுறையையும் இழுத்து, இசக்கிமணியைத் தட்டுக்கெட்டவன், சொல்லித் தொலைக்கத் தெரியாதவன் என்று வறுத்தெடுத்தார்.

கடைசி வரிசையில் இசக்கிமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி, “அண்ணாச்சி என்னமோ சொல்லுதாரே, கேக்குதா?” என்றாள்.

“ஏட்டி, இரு, பேசாத,” என்றார் இசக்கிமணி, தலையைச் சாய்த்து. “ஒரு வார்த்தை விடாம கேக்குது.”