இன்னொருவருக்காக முகர்ந்த பியர்

போன வாரம் மாத்தளையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்துப் பேக்கரியில் ஒரு தட்டுப் பாண் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டது. கருகவில்லை, கருகுவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த மணம். மற்றவர்களுக்குத் தேநீரும் சம்பலும் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது பியர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற, இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு வரக்கூடிய நினைவா இது என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் கேட்டார்தான்.

கல்யாணத்துக்கு முன் நான் நாவுலைக்கும் தம்புள்ளைக்கும் இடையில், பெரிய வீதியோரம் இருந்த ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் வேலை பார்த்தேன். பெயருக்கு வரவேற்பு மேசை. உண்மையில் திரைச்சீலை மாட்டுவது முதல் பூனை விரட்டுவது வரை எல்லாம். வாசலால் ஓயாமல் மரக்கறி லொறிகள் போகும். அழுகிய வெங்காயத்தோடு ஒன்று போனால் விருந்தினர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள்.

டேவிட் என்ற அமெரிக்கர் மட்டும் பொத்தவில்லை. சாவகாசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அதிசயமாகப் பார்த்ததைக் கண்டு சிரித்தார். வாழ்நாளெல்லாம் பியர் வடிக்கும் தொழிலில் இருந்தவராம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூக்குக்கு மணம் தெரியாமல் போய்விட்டதாம், திரும்பி வரவே இல்லையாம். இனிப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் வெறும் தண்ணீர் என்றார்.

அன்று பின்னேரம், கூட வந்திருந்த மனைவி குகைக் கோயில் பார்க்கப் போன நேரத்தில், சட்டைகளில் சுற்றிக் கொண்டுவந்திருந்த சில போத்தல்களை எடுத்து வைத்தார். பிரவுண் ஏல் என்கிற கடும் நிறப் பியர். மணம் போன பிறகு, பழைய ஞாபகத்தை மட்டும் நம்பித் தன் வீட்டில் தானே செய்தது. அது சரியாக வந்திருக்கிறதா என்பது அவருக்கே தெரியாது. மனைவியைக் கேட்டால் அருமை என்கிறாளாம், நண்பர்களும் அதையே சொல்கிறார்களாம். "அவர்களுக்கு என்மேல் அன்பு, அதனால் அவர்கள் சொல்வதை வைத்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றார். சரியில்லை என்றால் இனிச் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

விடுதியின் சமையல்காரர் தாசன் அண்ணன் வழக்கப்படி கிளாஸில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்தார். டேவிட் பதறிப்போய் அதை வெளியே கொட்டினார். இந்தப் பியர் விறைக்கக் கூடாதாம், குளிர் கொஞ்சம் விட்டால்தான் அதன் மணம் வாய் திறக்குமாம். தாசன் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "குட் சேர், வெரி குட்!" என்றார். டேவிட்டின் முகம் வாடிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் அதுவரை பியரைத் தொட்டதில்லை. கிளாஸை வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். கடும் சாயத் தேநீரின் நிறம், ஓரத்தில் மட்டும் சிவப்பு. முகர்ந்தேன்.

"பாணுக்கு மேல இருக்கிற தோல்" என்று முதலில் தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: பாண் தோல், வறுத்த கச்சான் கடலை, அடுப்பில் கித்துள் கருப்பட்டி உருகி நிறம் மாறும் நேரம். விழுங்கிய பிறகு ஜம்போலா தோலைக் கிள்ளியது போல ஒன்று, கடைசியில் நின்று போகிற கசப்பு.

ஜம்போலா என்றால் என்ன என்று கேட்டார். எலுமிச்சை இனத்தில் தலையளவு பெரிய பழம் என்றேன். தாசன் அண்ணன் தோட்டத்தில் ஒன்றைப் பறித்து வந்து கையில் கொடுத்தார். டேவிட் அதை மூக்கில் வைத்துப் பார்த்தார், பழக்கத்தில். பிறகு, அந்தக் கசப்பு பியரில் போடும் ஹொப்ஸ் பூவின் வேலை, இங்கிலாந்துக்காரர்கள் குறைவாகப் போடுவார்கள், அமெரிக்காவில் நாங்கள் அள்ளிப் போடுவோம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொரு மிடறாகக் குடித்தார்.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய், வாய் சும்மா இருக்காமல் இதைச் சொல்லிவிட்டேன்.

"வெள்ளக்காரரோட உக்காந்து பியர் குடிச்சியாடி? வஹகோட்டைக் கோயில் அந்தோனியாருக்கு என்னா சொல்லப் போற?"

"மோந்து பாக்கத்தாம்மா."

"மோந்து பாத்தவளுக்குக் கசப்பு எப்புடித் தெரிஞ்சிச்சு?"

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

டேவிட்டும் மனைவியும் புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் கடைசிப் போத்தலைத் திறந்தார். கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனேன். மழையில் நனைந்த காட்போட் பெட்டியின் மணம். தாசன் அண்ணனிடம் நீட்டினேன். அவரும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாவம் தங்கச்சி, நாளைக்குப் போற மனுசன். நல்லா இருக்குன்னே சொல்லிரு."

டேவிட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிக் காத்திருப்பவரிடம் பொய் சொன்னால் முதல் போத்தலுக்குச் சொன்னதும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. நனைந்த காட்போட் என்றேன்.

வெளியே ஒரு லொறி போய் முடிந்தது. "அந்த மணத்துக்கு அடியில் என்ன?" என்று கேட்டார் டேவிட். மறுபடி முகர்ந்தேன். கருப்பட்டி இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சூட்டில் கிடந்த போத்தல் அப்படித்தான் ஆகும், அதில் செய்முறையின் பிழை எதுவும் இல்லை என்றார். "இப்போதுதான் முதல் போத்தலைப் பற்றி நீ சொன்னதையும் நம்புகிறேன்." அந்தக் கெட்டுப்போன பியரை ஒரு சொட்டும் விடாமல் குடித்தார். தாசன் அண்ணன் சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்டதற்கு வெங்காயம் என்றார்.

சில மாதங்கள் கழித்து டேவிட்டின் மனைவி விடுதிக்குத் தொலைபேசி எடுத்தார். டேவிட் மறுபடி வடிக்கத் தொடங்கிவிட்டாராம், தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு முகரச் சொல்கிறாராம். குரலில் அலுப்பும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

இப்போது அந்த விடுதி இல்லை. அந்த இடத்தில் டயர் கடை. தாசன் அண்ணன் கட்டாருக்குப் போனார், பிறகு தொடர்பு விட்டுப்போனது. ஊரில் பியருக்குக் குறைவில்லை, விறைக்க விறைக்க வாங்கி மூச்சுவிடாமல் குடிக்கிறார்கள். வீட்டில் நான் சமைத்ததைக் கூட நல்லா இருக்கு என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். என்ன மணக்கிறது, உள்ளதைச் சொல் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்கும் ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் காணவில்லை.