ஓரத்தில் நின்ற பிள்ளை

பிள்ளைகளே, உங்கள் அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போன அன்று எடுத்த படத்தில் சின்னவள் ஏன் இல்லை என்று ஒருநாள் கேட்பீர்கள். அவளை வெட்டியது நான்தான். வேறு யாரும் சொல்லி நீங்கள் அறிவதற்கு முன் நானே எழுதிவைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்ஷெட் பஸ் நிலையம், காலை நேரம். மூத்தவர்கள் இருவரும் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். அம்மா விமான நிலையத்துக்குப் போகும் கட்டுநாயக்கா பஸ்ஸின் படியில் கால் வைத்தபோது முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுந்தது. போனில் எடுத்தேன். படத்தின் ஓரத்தில் சின்னவள், அம்மாவின் சால்வை நுனியைப் பிடித்தபடி, பாதி முகமாக, வாய் திறந்து அழுதுகொண்டு நின்றாள்.

முகநூலில் என்னைப் போல ஆசைக்குப் படம் எடுக்கிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது. படத்தைப் போட்டால் அதை நகலெடுத்து, மேலேயே சிவப்புக் கோடு கீறிப் பதிலாகப் போட்டுக் குறை சொல்வார்கள். திருத்தியதைப் போட்டதும் பழைய பதிவை நாமே அழித்துவிட வேண்டும். அது அங்கே சட்டம்.

இந்தப் படத்தையும் அங்கே போட்டேன். குண்டசாலையில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எல்லோரும் மதிக்கிறவர், பிள்ளையின் பாதி முகம் கண்ணை இழுக்கிறது, வெட்டுங்கள் என்று எழுதினார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வெட்டினேன். பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். பழைய பதிவையும் அழித்தேன். அந்த வாரம் கிடைத்த பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அம்மாவுக்கும் அனுப்பிப் பெருமை அடித்தேன்.

அம்மா வேலை செய்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவள் கையில் போன் கொடுப்பார்கள்.

"சின்னவ எங்கங்க?"

ஓரத்தில் நின்றாள், சரியாக வரவில்லை என்று சமாளித்தேன்.

"நா அன்னிக்கித் திரும்பியே பாக்கலங்க. பாத்திருந்தா பஸ் ஏறியிருக்க மாட்டேன். சால்வைய இழுத்தது மட்டுந்தான் தெரியும். அந்த மொகத்த அனுப்புங்க. இப்ப போனுக்குக்கூட வரமாட்டேங்கிறா."

அடுத்த வெள்ளிக்குள் அனுப்புகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. போன் திருத்துகிறவர் பார்த்துவிட்டு, பழைய படத்தை மீட்க முடியாது என்றார். குழுவில் கெஞ்சி எழுதினேன், பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா என்று. வெட்டியதுதான் அழகு, கெடுத்துவிடாதீர்கள் என்று பதில் வந்தது. பரிசுக்கு அனுப்பச் சொன்னார் ஒருவர். கோடு கீறியவர்களுக்கெல்லாம் தனித்தனியே எழுதினேன். வேலை செய்யும் கடையில் ஆணி நிறுக்கும்போதும் கண் போனில்தான். முதலாளி இரண்டு முறை ஏசினார்.

வியாழக்கிழமை அந்த வாத்தியாரின் குரல் பதிவு ஒன்று போனுக்கு வந்தது.

"தம்பி, என்னட்ட ஒண்டு கிடக்கு. ஆனா நான் கீறின கோட்டோடதான். குறை நினைக்காதைங்கோ."

சின்னவளின் முகத்துக்குக் குறுக்கே, நெற்றியிலிருந்து கன்னம் வரை, சிவப்பாகப் பெருக்கல் குறி. தெரிந்த ஒரு கண்ணையும் அது மறைத்திருந்தது. கட்டுகஸ்தோட்டையில் பாலத்தடி ஸ்டூடியோவுக்கு ஓடினேன். கோட்டை எடுத்துவிடலாம், ஆனால் கண்ணை நானாகத்தான் வரைந்து போட வேண்டும், அது உங்கள் பிள்ளையின் கண்ணாக இருக்காது என்றார் அங்கிருந்தவர். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அப்படியே அனுப்பினேன். நான் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன். படத்தைத் திறந்ததும் அம்மா கேட்டது இதுதான்.

"யாருங்க எம் புள்ள மேல கோடு போட்டது?"

நான் பதில் சொல்வதற்குள் அங்கே யாரோ கூப்பிட, அழைப்பு அறுந்துவிட்டது.

மறுநாள் பகல், கடைக்குப் பின்னால் சிமெந்து மூட்டைகள் அடுக்கிய அறையில் தனியே உட்கார்ந்து குழுவைத் திறந்தேன். யாரோ ஒருவரின் கல்யாண வீட்டுப் படம். ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். அவர் மேல் சிவப்புக் கோடு, அதன் கீழே என் பெயர். நான் கீறியதை அழித்தேன். பிறகு அதற்கு முன் நான் கோடு கீறிய படத்துக்குப் போனேன்.